படத்தில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

பாளையங்கோட்டையில் நான் மாலை நேரத்தில் நடத்தும் ஆங்கில வகுப்புக்குத் திருமணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் வருகிறார். வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பத்துக்கு ஆல்பத்தை அனுப்பிவைத்தபோது, மணமகன் ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் எழுதியிருந்தார்: ‘த பிக்சர்ஸ் லுக் எ பிட் வாஷ்ட் அவுட்.’ தம்பிக்கு ஒரே குழப்பம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் ஃபிலிமைக் ‘கழுவுவது’ என்றுதான் சொல்வோம். ஃபிலிம் போனாலும் அந்தச் சொல் போகவில்லை. டிஜிட்டல் படத்தை எங்கே கழுவினோம் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார். ‘வாஷ்ட் அவுட்’ என்றால் வெளிறிப்போனது. துவைத்துத் துவைத்துச் சாயம் போன வேட்டியைப் போல. ஃபிலிம் கழுவுவதற்கு ஆங்கிலத்தில் ‘டெவலப்’ என்பதுதான் சொல்.

இத்தனைக்கும் அவருக்கு அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கருவியின் சொற்கள் கருவியோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டன. படத்தைப் பார்த்து இன்னொருவரிடம் பேசுவதற்கு வேண்டிய சாதாரணச் சொற்கள்தான் வந்து சேரவில்லை. ‘இன்’, ‘ஆன்’, ‘பிஹைண்ட்’ போன்ற சின்னச் சொற்களில்தான் நாம் தடுமாறுகிறோம். அந்தச் சின்னச் சொற்களுக்காகவே இந்த வழிகாட்டி. ஸ்டூடியோக்காரர்களுக்கு மட்டுமல்ல, தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இது உதவும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்றான பி1 பிரிலிமினரியின் பேச்சுத் தேர்வில் ஒரு படத்தைக் காட்டி ஏறத்தாழ 1 நிமிடம் பேசச் சொல்கிறார்கள். பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் 2 படங்களை 1 நிமிடத்தில் ஒப்பிட வேண்டும்.

முதல் படி: உங்களுடைய படம் ஒன்றை எடுங்கள்

பாடப்புத்தகத்தில் இருக்கும் பனிமலைப் படம் வேண்டாம். நீங்கள் எடுத்த படமோ, வீட்டில் மாட்டியிருக்கும் படமோ போதும். தெரிந்த இடமாக இருந்தால் சொல்வதற்கு விஷயம் தானாகவே ஊறும். மொழியை மட்டும் தேடினால் போதும்.

நான் வகுப்பில் வைத்துக்கொள்ளும் படம் குறுக்குத்துறையில் எடுத்தது. தாமிரபரணிக்குள்ளேயே இருக்கும் முருகன் கோயில் நடுவில் தெரிகிறது. வெள்ளம் வந்தால் மூழ்கி, வடிந்ததும் மீண்டும் தலைகாட்டும் கோயில் அது. கரையோரக் கல்லில் ஓர் அம்மா துணி துவைக்கிறார். பக்கத்தில் ஒரு நீல நிற வாளி. கோயிலுக்குப் பின்னே மரங்கள், அதற்கும் பின்னே மேகம் சூழ்ந்த வானம். இவ்வளவுதான் படம். இதை வைத்துக்கொண்டே மற்றப் படிகளைச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: இடத்தைச் சொல்லுங்கள்

இந்தப் படிக்கு ஒரு வாரம் முழுவதும் ஒதுக்கினாலும் தகும். ஆங்கிலத்தில் ஒரு படத்தை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள். பார்க்கிறவருக்கு மிக அருகில் இருப்பது ‘ஃபோர்கிரவுண்ட்’, நடுவில் இருப்பது ‘மிடில்கிரவுண்ட்’, தொலைவில் இருப்பது ‘பேக்கிரவுண்ட்’. என் படத்தில் துணி துவைக்கும் அம்மா ஃபோர்கிரவுண்டில், கோயில் மிடில்கிரவுண்டில், மரமும் வானமும் பேக்கிரவுண்டில். மூன்றுக்கும் முன்னால் ‘இன் த’ போட வேண்டும்: ‘இன் த ஃபோர்கிரவுண்ட், எ வுமன் இஸ் வாஷிங் க்ளோத்ஸ்.’

பின்னணி என்ற பொருளில் ‘பேக்சைட்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. வெளிநாட்டவர் காதில் அது உடலின் பின்புறத்தைக் குறிக்கும் சொல்லாக விழும். கோயிலுக்குப் பின்னால் என்பதற்கு ‘பிஹைண்ட் த டெம்பிள்’ என்றே பழகுங்கள். தமிழில் ‘பின்னால்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையைச் செய்கிறது; ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரியும். ஒரு பொருளுக்குப் பின்னால் இருந்தால் ‘பிஹைண்ட்’, படத்தின் பின்பகுதியில் இருந்தால் ‘இன் த பேக்கிரவுண்ட்’. ‘முன்னால்’ என்பதும் இப்படித்தான்: ‘இன் ஃப்ரண்ட் ஆஃப்’ வேறு, ‘இன் த ஃபோர்கிரவுண்ட்’ வேறு.

அடுத்தது ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ மூன்றும். படத்துக்குள் தெரிவது எதுவானாலும் ‘இன் த ஃபோட்டோ’. ‘ஆன் த ஃபோட்டோ’ என்றால் தாளின் மேல் ஒட்டியிருப்பது. ஆல்பத்தைப் புரட்டும்போது காபி சிந்திக் கறை பட்டுவிட்டால் அந்தக் கறை ‘ஆன் த ஃபோட்டோ’; படத்துக்குள் மாமா குடித்துக்கொண்டிருக்கும் காபி ‘இன் த ஃபோட்டோ’. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் இரண்டும் குழம்பாது. இடது, வலது பக்கங்களுக்கு ‘ஆன்’: ‘ஆன் த லெஃப்ட்’, ‘ஆன் த ரைட்’. மேலும் கீழும் ‘அட்’: ‘அட் த டாப்’, ‘அட் த பாட்டம்’. மூலைக்கும் நடுவுக்கும் மறுபடியும் ‘இன்’: ‘இன் த டாப் லெஃப்ட் கார்னர்’, ‘இன் த மிடில்’.

ஆட்கள் இருக்கும் படத்தில் யாருடைய இடது என்ற கேள்வி வரும். ‘ஆன் த லெஃப்ட்’ என்றால் பார்க்கிற நமக்கு இடது. ‘ஆன் ஹெர் லெஃப்ட்’ என்றால் படத்தில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு இடது. அவர் நம்மைப் பார்த்து நின்றால் நமக்கு அது வலது. குழுப் படத்துக்குக் கீழே செய்தித்தாளில் ‘இடமிருந்து வலம்’ என்று போடுவதை ‘ஃப்ரம் லெஃப்ட் டு ரைட்’ என்று சொல்லிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

வாக்கியத்தின் வரிசை பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘படத்தின் நடுவில், ஆற்றுக்குள், ஒரு கோயில் இருக்கிறது.’ இந்தத் தமிழ் வாக்கியத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு நடந்து பாருங்கள். ‘தேர் இஸ் எ டெம்பிள் இன் த ரிவர், இன் த மிடில் ஆஃப் த பிக்சர்.’ வந்துவிட்டது. என் மாணவர்களில் பலருக்கு நாக்கு சரளமானது இந்தத் தலைகீழ்ப் பயிற்சிக்குப் பிறகுதான்.

‘படித்துறைக்கு என்ன சார் இங்கிலீஷ்?’ என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறார்கள். ஒற்றைச் சொல்லைத் தேடி நிற்காதீர்கள். கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: ‘ஸ்டோன் ஸ்டெப்ஸ் லீடிங் டவுன் டு த வாட்டர்’. தண்ணீருக்குள் இறங்கும் கல் படிகள். மண்டபம் ‘எ பில்லர்ட் ஹால்’. நம் ஊரைப் பார்த்திராதவருக்கும் இப்போது கண்முன் படம் வந்துவிடும்.

மூன்றாம் படி: என்ன நடக்கிறது?

படம் எடுத்தது பத்து ஆண்டுக்கு முன்பாக இருந்தாலும், அதற்குள் நடப்பதை நிகழ்காலத்தில்தான் சொல்ல வேண்டும். ‘எ வுமன் இஸ் வாஷிங் க்ளோத்ஸ்’ என்றால் துவைத்துக்கொண்டிருக்கிறார். படத்துக்குள் அவர் இன்னும் துவைத்துக்கொண்டுதானே இருக்கிறார்! படம் எடுத்த செய்தியைச் சொல்லும்போது மட்டும் இறந்தகாலம்: ‘ஐ டுக் திஸ் ஃபோட்டோ லாஸ்ட் நவம்பர்.’ நாம் படத்தைப் ‘பிடிக்கிறோம்’. ஆங்கிலத்தில் அதற்கு ‘கேட்ச்’ சரிவராது, ‘டேக்’ என்பதே சரி. ‘போஸ் கொடு’ என்பதும் அப்படியே போகாது. ‘போஸ் ஃபார் த கேமரா’ என்று சொல்ல வேண்டும்.

எல்லா வினையோடும் ‘இங்’ ஒட்டாது. ‘ஹி இஸ் ஹேவிங் எ மஸ்டாஷ்’ என்று சொல்லாதீர்கள். மீசை இருப்பது செயல் அல்ல, நிலை. ‘ஹி ஹேஸ் எ மஸ்டாஷ்.’ உடுத்தியிருப்பதற்கு ‘வேரிங்’ பொருந்தும்: சேலை, வேட்டி, கண்ணாடி, நகை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்.

நான்காம் படி: கடையில் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்

படத்தின் குறையைச் சொல்லத் தமிழில் நமக்குச் சொற்கள் கொட்டிக்கிடக்கின்றன. ஸ்டூடியோ மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அரை மணி நேரம் கேட்டால் போதும். அந்தப் பேச்சு ஒவ்வொன்றுக்கும் நேரான ஆங்கிலம் இருக்கிறது.

‘ஷேக் ஆகிவிட்டது’ என்றால் ‘இட் இஸ் ப்ளரி’. கை நடுங்கியதால் வந்த கலங்கலுக்குத் தனியாகக் ‘கேமரா ஷேக்’ என்ற பெயரும் உண்டு. ஆனால் ‘த ஃபோட்டோ இஸ் ஷேக்’ என்று சொன்னால் புரியாது. கேமரா வேறு இடத்தைக் குறிவைத்துவிட்டதால் முகம் தெளியவில்லை என்றால் ‘அவுட் ஆஃப் ஃபோகஸ்’. தெளிவாக வந்திருந்தால் ‘ஷார்ப்’. ‘லைட் அதிகமாக அடித்துவிட்டது’ என்பதற்கு ‘ஓவர்எக்ஸ்போஸ்ட்’, ‘இருட்டாக வந்திருக்கிறது’ என்பதற்கு ‘அண்டர்எக்ஸ்போஸ்ட்’. இந்த இரண்டும் வாயில் நுழையவில்லை என்றால் ‘டூ ப்ரைட்’, ‘டூ டார்க்’ என்றாலே போதும், ஒரு குறையும் இல்லை. ‘கலர் ஏறிவிட்டது’ என்றால் ‘ஓவர்சாச்சுரேட்டட்’. ‘தலை வெட்டுப்பட்டுவிட்டது’ என்றால் ‘ஹிஸ் ஹெட் இஸ் கட் ஆஃப்’. ‘அத்தை கண்ணை மூடிவிட்டார்’ என்றால் ‘ஷி ப்ளிங்க்ட்’. ‘தூண் மறைக்கிறது’ என்றால் ‘த பில்லர் இஸ் ப்ளாக்கிங் ஹெர்’. ‘ஓரத்தை வெட்டிவிடுங்கள்’ என்றால் ‘ப்ளீஸ் க்ராப் த எட்ஜஸ்’. ‘பெரிதாக்கிக் கொடுங்கள்’ என்றால் ‘என்லார்ஜ்’. ‘டச்சப்’ என்று நாம் சொல்வதை ‘ரீடச்’ என்பார்கள். பழைய படம் நிறம் மங்கிப் போயிருந்தால் ‘ஃபேடட்’. வெளிறிப்போனது ‘வாஷ்ட் அவுட்’ என்பதைத்தான் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோமே. பளபளக்கும் தாள் ‘க்ளாசி’, பளபளப்பு இல்லாதது ‘மேட்’. நெய் மின்னும் அல்வாவுக்குக் ‘க்ளாசி’யைவிட ‘ஷைனி’ என்ற சொல் பொருத்தம்.

ஒளியைப் பற்றிய சொற்களைப் படிப்பதைவிடப் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. மாலை ஐந்தரை மணிக்குத் திருநெல்வேலி நகரத்தின் மேற்கே, பொதிகை மலை தெரியும் ஒரு வயல்வரப்பில் போய் நில்லுங்கள். சூரியன் மலைப்பக்கம் இறங்கும். அப்போது எல்லாவற்றின் மேலும் படரும் பொன்வெயில் நேரம் ‘கோல்டன் அவர்’. உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு பனைமரம் நின்றால் அது ‘பேக்லிட்’, பின்னாலிருந்து ஒளி பெறுவது. மரத்தின் விவரம் எல்லாம் மறைந்து கறுத்த வடிவம் மட்டும் மிஞ்சினால் அது ‘சிலுஎட்’. எழுத்தில் நடுவே ஓர் ‘எச்’ இருக்கும், வாயில் வராது.

அசைவுக்கு வள்ளியூர், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளைவிட நல்ல பாடம் இல்லை. ஷட்டர் மிக வேகமாகத் திறந்து மூடினால் இறக்கைகள் உறைந்து நின்றதுபோலத் தெரியும்: ‘த ப்ளேட்ஸ் லுக் ஃப்ரோசன்.’ மெதுவாகத் திறந்து மூடினால் இறக்கைகள் இழுபட்டுத் தெரியும். அது ‘மோஷன் ப்ளர்’. இந்தக் கலங்கல் குறை அல்ல, சில நேரம் வேண்டுமென்றே செய்வது. பாபநாசத்தின் அகத்தியர் அருவி சில படங்களில் வெண்பட்டுபோல விழுவதும் இதனால்தான். ‘சில்க்கி வாட்டர்’ என்று அதைச் சொல்வார்கள்.

கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊர் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைப் படம் எடுக்கப் போகிறவர்கள் நான்கு சொற்களைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்: கிளையில் உட்கார்ந்திருப்பது ‘பெர்ச்ட்’, பறந்துகொண்டிருப்பது ‘இன் ஃப்ளைட்’, கூடு கட்டுவது ‘நெஸ்டிங்’, தொலைவில் இருப்பதை அருகில் கொண்டுவருவது ‘ஸூம் இன்’. பறவை மட்டும் தெளிந்து பின்னால் இருக்கும் இலைகள் கரைந்துபோனால் ‘ஷேலோ டெப்த் ஆஃப் ஃபீல்ட்’. கரைந்த அந்தப் பின்னணியின் அழகுக்குப் ‘போக்கே’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் கலங்கலைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது அது.

சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் மறக்காது. ‘ஃபோட்டோ’ கிரேக்கத்தில் ஒளி, ‘கிராஃப்’ எழுதுவது. 1839-இல் இங்கிலாந்தின் அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் ‘ஃபோட்டோகிராஃபி’ என்ற சொல்லைப் பரப்பினார். ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ என்ற சொற்களைப் படத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ‘ஸ்னாப்ஷாட்’ முதலில் வேட்டைக்காரர் சொல். குறிபார்க்க நேரமின்றிச் சட்டென்று சுடுவது. ‘ஷூட்’, ‘ஷாட்’ எல்லாமே துப்பாக்கியோடு உறவுடையவை. தமிழில் நாம் ஒளிப்படம் என்கிறோம், நிழற்படம் என்கிறோம், புகைப்படம் என்றும் சொல்கிறோம். ஒளி, நிழல், புகை என்று மூன்று கண்களால் ஒன்றைப் பார்த்த மொழி நம்முடையது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி உண்டு.

ஐந்தாம் படி: ஊகியுங்கள்

தேர்வில் மதிப்பெண் உயர்வதும், உரையாடல் உயிர்பெறுவதும் இங்கேதான். படத்தில் இல்லாததைப் படத்தில் இருப்பதைக் கொண்டு சொல்வது ஊகம். உறுதி குறைவாக இருந்தால் ‘மைட் பி’, ஏறத்தாழ உறுதியாக இருந்தால் ‘மஸ்ட் பி’, தோற்றத்தைச் சொல்ல ‘லுக்ஸ்’, ஒரு முழு வாக்கியம் தொடர்ந்தால் ‘இட் லுக்ஸ் ஆஸ் இஃப்’. நடந்து முடிந்ததை ஊகித்தால் ‘மஸ்ட் ஹேவ்’.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவும் ஆச்சியும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆச்சி பக்கத்தில் நின்று, நாற்காலியின் முதுகில் விரல்நுனி மட்டும் படும்படி கையை வைத்திருக்கிறார். பின்னால் திரைச்சீலையில் தூணும் மாடிப்படியும் வரைந்திருக்கிறது. இருவருக்கும் நடுவே மூன்று வயதுப் பெரியம்மா. பெரியவர்கள் இருவரின் முகமும், சேலைக்கரையின் கட்டமும்கூடத் துல்லியம். பெரியம்மாவின் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சாம்பல் நிழல்கள்.

வகுப்பில் இதைக் காட்டி, ஏன் குழந்தை மட்டும் தெளியவில்லை என்று கேட்பேன். ஒரு மாணவி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: ‘த சைல்ட் மஸ்ட் ஹேவ் மூவ்ட். த பேரண்ட்ஸ் லுக் வெரி ஸ்டில். தே மைட் பி நெர்வஸ்.’ குழந்தை அசைந்திருக்க வேண்டும், பெற்றோர் அசையாமல் இருக்கிறார்கள், ஒருவேளை பதற்றமாக இருக்கலாம். மூன்று சின்ன வாக்கியங்கள். ஷட்டர் எவ்வளவு மெதுவாக மூடியிருக்கும் என்பதிலிருந்து ஆச்சியின் விரல்நுனி ஏன் அப்படிப் பட்டும் படாமலும் இருக்கிறது என்பது வரை அதில் அடங்கிவிட்டது.

ஆறாம் படி: கருத்தைச் சொல்லுங்கள்

‘சூப்பர்’, ‘நைஸ்’ இரண்டையும் ஒரு மாதம் ஒதுக்கிவையுங்கள். எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: ‘ஐ லைக் த வே த லைட் ஃபால்ஸ் ஆன் ஹெர் ஃபேஸ்.’ முகத்தில் ஒளி விழும் விதம் பிடித்திருக்கிறது என்று பொருள். நிறம் துடிப்பாக இருந்தால் ‘விவிட்’. பொருள்கள் நெருக்கியடித்துக் கிடந்தால் ‘க்ளட்டர்ட்’. எதிர்பாராத கணத்தில் இயல்பாக எடுத்தது ‘கேண்டிட்’.

குறை சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘எ பிட்’, ‘எ லிட்டில்’ சேர்த்து மென்மையாக்குவார்கள். அந்த மணமகன் ‘எ பிட் வாஷ்ட் அவுட்’ என்று எழுதியதும் அப்படித்தான். உள்ளே இருக்கும் அதிருப்தி ‘எ பிட்’டைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். தம்பி எழுதிய பதில் இது: ‘தேங்க் யூ ஃபார் டெல்லிங் மி. ஐ வில் இன்க்ரீஸ் த கான்ட்ராஸ்ட் அண்ட் செண்ட் யூ டூ சாம்பிள்ஸ்.’ சொன்னதற்கு நன்றி, கான்ட்ராஸ்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டி இரண்டு மாதிரி அனுப்புகிறேன். மன்னிப்பும் விளக்கமும் நீட்டாமல், செய்யப்போவதை மட்டும் எழுதினார்.

ஒலி பற்றி

தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். படம் எடுப்பவரைச் சொல்லும்போது அது இரண்டாம் அசைக்குத் தாவி, முதல் அசை சுருங்கிவிடும்: ‘ஃபடாக்ரஃபர்’. ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்னும்போது மூன்றாம் அசை. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே மூன்றையும் பத்து முறை சொல்லுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு என்று பலமாகத் தட்டும் இடம் நகர வேண்டும். தொடக்கத்தில் வருவது ‘ப’ அல்ல, ‘ஃப’. மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும்.

நாள்தோறும் செய்ய வேண்டியது

கைப்பேசியில் 1 நிமிடத்துக்கு மணி வைத்து, ஒரு படத்தைப் பார்த்துப் பேசிப் பதிவுசெய்யுங்கள். இடம், செயல், ஒளி, ஊகம், கருத்து என்ற வரிசையில் போங்கள். சொல் வரவில்லை என்றால் நிறுத்தாமல் சுற்றி வளைத்துச் சொல்லுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்: தாத்தா, ஆச்சியின் ஸ்டூடியோ படமும் உங்கள் வீட்டு அண்மைத் திருமணப் படமும் நல்ல இணை. ஒற்றுமைக்கு ‘போத்’, வேற்றுமைக்கு ‘வேராஸ்’: ‘போத் ஃபோட்டோஸ் ஷோ எ கப்பிள். த ஓல்ட் ஒன் லுக்ஸ் ஃபார்மல், வேராஸ் த நியூ ஒன் இஸ் கேண்டிட்.’

பதிவை அன்றே கேட்காதீர்கள். மறுநாள் கேளுங்கள். கேட்கும்போது ஒரு தாளில் மூன்றை மட்டும் குறியுங்கள்: ‘இன்’, ‘ஆன்’ மாறிய இடம், ‘இஸ்’ விட்டுப்போன இடம், ‘நைஸ்’ என்று தப்பித்துக்கொண்ட இடம். அதே படத்தை எடுத்து, அந்த மூன்றையும் திருத்தி, மறுபடியும் 1 நிமிடம் பேசுங்கள்.